எஸ்டேட் ரைட்டரின் மூன்று பேனாக்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த உங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் மூன்று மைப் பேனாக்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, லீவரோ பொத்தானோ இல்லாத தடித்த கறுப்புப் பேனா. அதைக் கழுவி மை ஊற்றி எழுதியும் பார்த்துவிட்டீர்கள். சேலத்து வீட்டில் ஒழுங்காக எழுதும் அந்தப் பேனா, ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் மையைக் கக்கிவிடுகிறது. இரண்டாவது, பச்சையில் கறுப்புக் கோடுகள் ஓடும் பளிங்கு போன்ற பேனா. அதன் குழலில் மங்கலாகக் ‘கான்வே ஸ்டூவர்ட்’ என்றும் ‘லண்டன்’ என்றும் தெரிகிறது. பக்கவாட்டில் உள்ள சிறு லீவர் அசைய மறுக்கிறது. மூன்றாவது, உலோக மூடி போட்ட ஒல்லியான பேனா. நிப்பின் நுனி மட்டுமே வெளியே தெரிகிறது. அது பார்க்கரா சீனப் பேனாவா என்று வீட்டில் வழக்கு நடக்கிறது. இவை என்ன பேனாக்கள், எப்படி மை நிரப்புவது, வீட்டிலேயே பழுது பார்க்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள்: இரண்டாவது பேனாவின் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அசையாத லீவரை நெம்பினால் அது உடையும், அல்லது உள்ளே இருக்கும் தகடு வளையும், அல்லது குழலே விரியும். மூன்றில் எது நடந்தாலும் எளிதான பழுது கடினமான பழுதாகிவிடும். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழைய பேனாக்களைப் பிரித்துச் சேர்த்து வருகிறேன். பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்து கெட்ட பேனாவை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்த முதல் பத்து நிமிடத்தில், என்ன பேனா என்று தெரியாமலே யாரோ திருகியும் நெம்பியும் வெந்நீரில் போட்டும் கெடுத்த பேனாக்கள்தான் அதிகம். ஆகையால் பேனா எப்படி மை குடிக்கிறது, எந்தப் பொருளால் ஆனது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே எந்த வேலையையும் தொடங்க வேண்டும். கம்பெனியின் பெயர் அதற்கு அடுத்தபடிதான்.

கறுப்புப் பேனாவில் தொடங்குவோம். கழுத்தை, அதாவது நிப்பைத் தாங்கும் முன்பகுதியை, திருகிக் கழற்றினால் உள்ளே வெறும் குழல்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது இங்க் பில்லரால் நேரடியாகக் குழலுக்குள் மை ஊற்றும் பேனா. நம் நாட்டில் செய்யப்பட்ட பழைய பேனாக்களில் பெரும்பகுதி இந்த வகைதான். உள்ளே ரப்பர் டியூப்போ பிஸ்டனோ இல்லை என்பதால் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. மூன்றில் முதலில் எழுதத் தொடங்கியது இதுவாக இருந்ததில் வியப்பும் இல்லை.

பொருளைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரலால் குழலைச் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் அது எபொனைட், அதாவது ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய பொருள். மூடிக்குள் மறைந்திருக்கும் மரைப் பகுதி கன்னங்கரேலென்று இருக்க, வெளியில் இருக்கும் பகுதி மட்டும் பழுப்பாகவோ பாசி நிறமாகவோ மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் பட்டுப்பட்டு எபொனைட் அப்படி நிறம் மாறும். தண்ணீரில் ஊறினால் இதே மாற்றம் ஒரே இரவில் நடக்கும் என்பதை நான் என் கையாலேயே கெடுத்துத் தெரிந்துகொண்டேன். தொடக்க காலத்தில் நல்ல கறுப்புப் பேனா ஒன்றை முழுதாக ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது வெயிலில் கிடந்த பழைய குடைத்துணியின் நிறத்துக்கு வந்திருந்தது. எனவே கழுத்திலிருந்து நிப் வரையுள்ள பகுதியை மட்டும், அதுவும் குளிர்ந்த நீரில், ஊறவையுங்கள். குழலுக்குள் சிரிஞ்சால் நீர் விட்டு அலசினால் போதும். ஏற்கெனவே பழுப்பேறிய இடத்தைத் தேய்த்துக் கறுப்பாக்க முயல வேண்டாம். பழுப்போடு சேர்ந்து குழலில் பொறித்த எழுத்தும் போய்விடும்.

அந்த எழுத்தைத்தான் அடுத்ததாகத் தேட வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாத பொறிப்பின்மேல் சாக்பீஸ் தூளை விரலால் மெல்லத் தடவி, அதிகப்படியை ஊதிவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் படித்துவிடலாம். ராஜமுந்திரியில் 1932ஆம் ஆண்டு தொடங்கிய இரத்னம் பேனா, சென்னை ஜெம் கடையின் காமா பேனா என்று எபொனைட்டில் பேனா கடைந்த இடங்கள் தென்னாட்டில் பல உண்டு. இரத்னம் செய்தனுப்பிய சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் காந்தி 1935இல் கடிதம் எழுதியதும் பலர் அறிந்த செய்திதான். ஆனால் பொறிப்பு எதுவும் கிடைக்காவிட்டால், ‘தென்னிந்தியாவில் கடைந்த எபொனைட் பேனா’ என்பதற்கு மேல் யார் பெயரையும் சூட்டாதீர்கள். நிப்பில் ‘வாரண்டட் 14 சிடி’, அதாவது 14 காரட் தங்கம், என்று இருப்பதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். பேனா செய்கிறவர்கள் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய பொதுவான நிப் அது. பேனாவின் ஊர் எது என்பதற்கு அது சாட்சி ஆகாது. நிப் என்பது பேனாவின் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாறக்கூடிய உறுப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

இனி, அது ஏற்காட்டுக்குப் போகும்போது ஏன் கக்குகிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஏனென்றால் பேனாவில் குற்றமே இல்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வெளியில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பேனாவின் குழலுக்குள் மைக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றோ சேலத்துக் காற்று. அது அந்த அளவுக்கு விரிந்தே தீரும். கீழே வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மேலே போய்ச் சேரும்போது தலையணைபோல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பொட்டலம் உப்புவதற்கு இடம் கொடுக்கிறது, எபொனைட் குழல் கொடுக்காது. ஆகவே காற்று தனக்கு வேண்டிய இடத்தை மையை வெளியே தள்ளி எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று மில்லிலிட்டர் கொள்ளும் குழலில் ஒரு மில்லிலிட்டர் மை மிஞ்சியிருந்தால் இரண்டு மில்லிலிட்டர் காற்று இருக்கிறது. அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விரிந்தால் 0.3 மில்லிலிட்டர் மை வெளியே வரும். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று கொண்டால் ஆறு சொட்டு. நாக்கு என்றும் கட்டை என்றும் நாம் சொல்லும், நிப்புக்கு அடியில் இருக்கும் அந்த உறுப்பு ஒரு சொட்டையோ இரண்டையோ பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றவை மூடிக்குள் இறங்கி, மூடியிலிருந்து சட்டைக்குப் போகும். மலைமேல் குளிர்ச்சியால் காற்று சற்றே சுருங்கும் என்றாலும், நெஞ்சோடு ஒட்டிய பையில் இருக்கும் பேனாவுக்கு அந்தச் சலுகையும் அதிகம் கிடைப்பதில்லை. பாதிக்குமேல் காலியான பேனாதான் அதிகம் கக்கும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது.

தீர்வும் அதிலேயே இருக்கிறது. ஒன்று, புறப்படும் முன் மையைக் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்றே இல்லாவிட்டால் விரிவதற்கு எதுவும் இல்லை. அல்லது, முழுவதும் காலி செய்து கொண்டுபோய் மேலே போய் ஊற்றிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வழியெல்லாம் பேனாவின் நிப் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போது நாக்கை ஒட்டி இருப்பது காற்று என்பதால், விரியும் காற்று மையைத் தொடாமல் வெளியேறிவிடும். சட்டைப்பையில் செருகிய பேனா அப்படித்தானே இருக்கும் என்பீர்கள். பேருந்தில் முன் இருக்கையில் தலை சாய்த்துத் தூங்குகிறவருடைய சட்டைப்பை எந்தத் திசையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலையிறங்கும்போது இந்தத் தொல்லை இல்லை; அப்போது பேனா மூச்சை உள்ளே இழுக்கிறது.

சமவெளியிலும் இதே பேனா ஒரு சமயத்தில் கக்கும். மை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு தொடர்ந்து எழுதினால் கையின் சூடு குழலுக்குள் இருக்கும் காற்றை விரித்து, எழுத்தின் நடுவே ஒரு பெரிய சொட்டை வைக்கும். மை அந்த அளவுக்கு இறங்கும்போதே மறுபடி ஊற்றிக்கொள்வது நல்லது. ஊற்றும்போது மரைக்கு நான்கைந்து மில்லிமீட்டர் கீழேயே நிறுத்திவிட்டால், கழுத்தைத் திருகும்போது மை பிதுங்காது. கழுத்து மரையில் கசிவு இருந்தால் சிலிக்கான் கிரீஸை ஊசிமுனை அளவு தடவுங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மெழுகுவர்த்தியைத் தேய்ப்போம், நூல் சுற்றுவோம், சோப்புக்கூடத் தடவியிருக்கிறோம். அந்த வயதுக்கு அது சரி. வாசலின் வேண்டாம், அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, ரப்பர் சார்ந்த பொருள்களுக்கு நாளடைவில் ஆகாது.

பச்சைப் பேனாவுக்குப் போவோம். கான்வே ஸ்டூவர்ட் 1905ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்டு, 1975 வரை நடந்த ஆங்கிலேயக் கம்பெனி. குழலில் பெயருக்கு அருகே ஓர் எண்ணும் பொறித்திருக்கும்; அது 28, 58, 60 போன்ற மாடல் எண். சாக்பீஸ் தூள் உத்தியால் அந்த எண்ணைப் படித்துவிட்டால் எந்தக் காலத்துப் பேனா என்பதை ஓரளவு குறுக்கிவிடலாம். எண்ணைவிட முக்கியம், அது எந்தப் பொருள் என்பது. தேய்த்து முகர்ந்தால் சூடம் வாசனை வருமானால் அது செல்லுலாய்டு. செல்லுலாய்டில் சூடம் சேர்ந்திருப்பதால் அந்த வாசனை. அது சூடத்தைப் போலவே தீயும் பற்றும் என்பதால், தீக்குச்சி, மெழுகுவர்த்தி, அடுப்பு ஆகியவற்றின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. சூடம் வாசனை வராவிட்டால் எச்சரிக்கையாக இருங்கள்: இந்தக் கம்பெனி முற்காலத்தில் கேசினிலும் பேனா செய்தது. பால் புரதத்தை ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டியாக்கிய பொருள் அது. நிறங்கள் கொள்ளை அழகு, ஆனால் தண்ணீரில் ஊறினால் உப்பி உருக்குலைந்துவிடும். எதுவென்று உறுதிப்படும்வரை இந்தப் பேனாவின் குழலில் ஈரத் துணிகூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவர் ஏன் அசையவில்லை என்பதை உள்ளே பார்க்காமலே சொல்லலாம். குழலுக்குள் ஒரு ரப்பர் டியூப் இருக்கிறது. லீவரைத் தூக்கினால் ஒரு தகடு அந்த டியூப்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றும். லீவரை இறக்கினால் டியூப் விரிந்து மையை உறிஞ்சும். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் ரப்பர் இறுகி முருங்கைக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. பேனாவை மெல்ல ஆட்டினால் உள்ளே சரசரவென்று உடைந்த துண்டுகள் உருளும் ஓசை கேட்டால் அதுவே சான்று. டியூப்பை மாற்றினால் லீவர் தானாக வேலை செய்யும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, அவசரம் மட்டும் ஆகாது.

முதலில் கழுத்தைக் குழலிலிருந்து பிரிக்க வேண்டும். குழலின் வாய்ப் பகுதியில் ஹேர் டிரையரின் சூட்டைக் குறைந்த அளவில் வைத்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே அரை நிமிடம் காட்டுங்கள். அந்த இடத்தை விரலால் தொட்டு வைத்திருக்க முடிகிற சூட்டைத் தாண்டவே கூடாது. பிறகு பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய இரண்டு துண்டுகளைக் கழுத்திலும் குழலிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மெல்ல அசைத்து, திருகி, இழுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு, மறுபடி முயற்சி. நான் ஒரு பேனாவுக்கு மூன்று மாலைகள் இப்படிச் செலவிட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் அது தானாக விட்டுக்கொடுத்தது. இடுக்கியை வெறுமனே வைத்துத் திருகினால் முதல் மாலையிலேயே இரண்டு துண்டாகியிருக்கும்.

கழுத்து வெளிவந்ததும் அதன் பின்புறம் நீண்டிருக்கும் மூக்கில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். குழலுக்குள் கிடக்கும் துண்டுகளையும் தட்டிக் கொட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்து உடைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். இப்போது டியூப் அளவு. பேனா டியூப்களின் எண் என்பது வெளி விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்வது. 16ஆம் எண் என்றால் 16/64, அதாவது கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். கழுத்தின் மூக்கில் சற்றே இழுபட்டு உட்காரவும், குழலின் சுவரை உரசாமல் உள்ளே போகவும் கூடிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்தடுத்த இரண்டு மூன்று எண்களில் ஒவ்வொன்று வரவழைத்துவிடுங்கள், விலை அதிகமில்லை. குழலின் அருகில் வைத்து நீளத்தை அளந்து, அடியில் மூன்று மில்லிமீட்டர் இடம் மிஞ்சும்படி டியூப்பின் வாயை நேராக வெட்டுங்கள்.

ஒட்டுவதற்கு அரக்குதான். தச்சர்கள் பாலிஷ் போட வைத்திருக்கும் அரக்குச் சருகை ஸ்பிரிட்டில் கெட்டியாகக் கரைத்தால் வேண்டிய பசை கிடைத்துவிடும். மூக்கில் மெல்லியதாகத் தடவி, டியூப்பை ஏற்றி, கோணல் இல்லாமல் நிறுத்தி, ஓர் இரவு தொடாமல் விடுங்கள். உடனே ஒட்டும் நவீனப் பசைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அரக்கு சிறிது சூட்டுக்கே இளகும், இன்னும் முப்பது வருடம் கழித்து இந்த டியூப்பை மாற்றப்போகிறவர் பேனாவை உடைக்காமல் திறக்க முடியும். காய்ந்த டியூப்பின்மேல் வாசனை சேர்க்காத வெறும் டால்கம் பொடியைப் பூசி, கழுத்தைக் குழலில் பசையில்லாமல் செருகுங்கள். பிறகு தண்ணீரில் நிப் முழுவதும் மூழ்கும்படி வைத்து லீவரை ஒரு முறை தூக்கி இறக்கி, மனத்துக்குள் பத்துவரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். அந்தப் பத்து வினாடியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டியூப் மெதுவாகத்தான் விரியும். லீவரை இறக்கிய உடனே பேனாவைத் தூக்கினால் அது மைக்குப் பதிலாகக் காற்றைக் குடித்துவிட்டு, அரைப் பக்கத்தில் நின்றுபோகும்.

மூன்றாவது பேனாவின் வழக்கைத் தீர்ப்பது எளிது. நீங்கள் விவரித்த உருவம் பார்க்கர் 51 உடையது. 1941இல் விற்பனைக்கு வந்த அந்தப் பேனாவின் தோற்றத்தைத் தழுவிச் சீனாவில் ஹீரோ முதலிய பேனாக்கள் வந்தன, நம் ஊர்ப் பள்ளிகளில் பலர் கையில் இருந்தது அந்த ஹீரோதான். மூடியின் விளிம்பைச் சுற்றிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெயரும் நாடும் அங்கேயே பொறித்திருக்கும். பிறகு, குழலின் அடியில் தனியாகக் கழலும் சிறு மூடி இல்லாவிட்டால், குழலைத் திருகிக் கழற்றுங்கள். உலோக உறைக்குள் ஒரு டியூப்பும் அதை அமுக்க ஒரு பட்டையும் இருந்தால், அந்த உறையில் ஆங்கிலத்தில் மை நிரப்பும் முறை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கரில் அது இருக்கும். உறைக்குப் பதிலாகக் குழலின் அடியில் ஒரு சிறு மூடியும் அதற்குள் அழுத்தும் தண்டும் இருந்தால், அது 1948க்கு முந்திய வேக்குமாட்டிக் வகைப் பார்க்கர். அந்த வகையில் குழலில் பொறித்துள்ள ஓர் இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணைக் காட்டும். அருகில் உள்ள புள்ளிகள் அவ்வாண்டின் காலாண்டைக் காட்டும். மூன்று புள்ளி என்றால் முதல் காலாண்டு, புள்ளியே இல்லாவிட்டால் கடைசி.

பட்டை வகையானால் நிப்பை மையில் வைத்து ஐந்தாறு முறை நிதானமாக அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்த வேண்டும். பார்க்கரின் அந்த டியூப் ரப்பர் அல்ல, ஒரு வகை பிளாஸ்டிக். எழுபது வருடத்துக்குப் பிறகும் வேலை செய்கிறவற்றை நான் பார்த்திருக்கிறேன், எனவே மாற்ற அவசரப்படாதீர்கள். பழைய உறைகள் சிலவற்றில் பார்க்கரின் சூப்பர்குரோம் மையைப் பயன்படுத்துமாறு எழுதியிருக்கும். அதைக் கேட்க வேண்டாம். அந்த மை பேனாவின் உறுப்புகளையே அரித்தது என்பது பிற்பாடு வெளிப்பட்ட உண்மை. வேக்குமாட்டிக் வகையானால் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது, அது இந்நேரம் நைந்திருக்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும் என்பதால் அந்த ஒன்றை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் நிப்பை மூடியிருக்கும் கூட்டைத் திருகிப் பார்க்காதீர்கள். எழுதுவதற்கு அதைத் திறக்க வேண்டிய தேவை ஏறக்குறைய வருவதே இல்லை.

நிப்புகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட முடியாது. நிப் கீறினால் பிளவுக்கு இடையே சவர பிளேடை விட்டு அகற்றுவது நம் தலைமுறை முழுவதும் செய்த பாவம். எண்ணெய் வழியும் தலைமுடியில் நிப்பைத் தேய்த்துத் துடைத்தது இரண்டாவது பாவம். பிளேடு, நுனியில் இருக்கும் கடினமான உலோகப் பொட்டின் உள்விளிம்பைக் கீறிவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, நிப்பை நேர்எதிராகப் பாருங்கள். கீறும் நிப்புகளில் பெரும்பாலானவற்றில், பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு கால்களில் ஒன்று மற்றதைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். உயர்ந்த காலை நகத்தால் மெல்லக் கீழே அழுத்திச் சமன்செய்தாலே கீறல் நின்றுவிடும். உப்புத்தாள் வகைகள் எதையும் நுனியில் வைக்காதீர்கள். தேய்த்த நிப் வளராது. நிப்பில் வெடிப்பு இருந்தால் அதே செவ்வாய்ப்பேட்டையில் பற்றவைத்துவிடலாம் என்று தோன்றும். அந்தச் சூட்டில் நுனிப் பொட்டு உதிரும், தங்கம் தன் விறைப்பை இழக்கும். அன்பாகத்தான் செய்து தருவார்கள், ஆனாலும் வேண்டாம். தங்கமா என்று அறிய உரைகல்லில் தேய்ப்பதும் தேவையில்லை. 14 காரட் என்றோ 585 என்றோ நிப்பிலேயே எழுதியிருக்கும். இந்த மாதிரி சிறு நிப் ஒன்றில் அரை கிராம்கூடத் தேறாத தங்கத்துக்காகப் பிடுங்கப்பட்டு மொட்டையாகக் கிடக்கும் பேனாக்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கழுவ ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது. சேலத்து உப்புத் தண்ணீர் நாக்கின் மெல்லிய பள்ளங்களில் சுண்ணாம்பாகப் படியும். ஆர்ஓ தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ போதும். பேட்டரிக் கடையில் வாங்குவதானால் கொடுப்பது தண்ணீர்தான், ஆசிட் அல்ல என்பதை இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மை விஷயத்தில் சாதாரண ராயல் புளூ பாதுகாப்பானது. கணக்குப் பேரேட்டில் தாத்தா புளூ பிளாக்கில் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அந்தக் காலத்துப் புளூ பிளாக் மைகள் பலவற்றில் இரும்புச் சத்து உண்டு, அது உலர்ந்த படிவு வெறும் தண்ணீருக்கு அசையாது. வைட்டமின் சி பொடியை ஒரு சிட்டிகை நீரில் கரைத்து அதில் நிப்பை அரைமணி நேரம் வைத்தால் கரையும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். படம் வரையும் இந்தியன் இங்க் எந்தக் காலத்திலும் இந்தப் பேனாக்களுக்குள் போகக் கூடாது.

கறுப்புப் பேனா உங்கள் கையில் சற்றே கீறுகிறது, உங்கள் அம்மா எழுதினால் வழுக்கிக்கொண்டு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பழுது பார்க்க வேண்டியதில்லை. நுனிப் பொட்டு எவ்வளவு கடினமானாலும் ஒரே கை பல வருடம் எழுதினால் அந்தக் கையின் சாய்வுக்கு ஏற்ப ஒரு பக்கம் தட்டையாகும். அந்தத் தட்டை இடம் தாளில் முழுதாகப் படும்போது மட்டும் பேனா சத்தமில்லாமல் ஓடும். உங்கள் அம்மா தாத்தாவிடமே எழுதப் பழகியவராக இருந்தால் பேனாவைப் பிடிக்கும் சாய்வையும் அவரிடமிருந்தே எடுத்திருப்பார். பேனாவைக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, ஒவ்வொரு கோணத்திலும் ‘ழ’வும் ‘ஞ’வும் எழுதிப் பாருங்கள், எங்கே கீறல் நிற்கிறதோ அதுதான் அவர் பிடித்த பிடி.

மூன்றாவது பேனாவின் குழலில் கீறியிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அந்நாளில் பேனா வாங்கிய கடையிலேயே பெயர் பொறித்துக் கொடுப்பார்கள். உங்கள் தாத்தாவுடையதோ ஊசியால் கையால் கீறியதுபோலத் தெரிகிறது என்கிறீர்கள். எடுக்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் உலர்வாகத் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.